கட்டடம் வடித்த சேர்ந்திசை

ஐரோப்பாவின் செவ்வியல் சேர்ந்திசையை முதன்முதலாகக் கேட்பவருக்கு இரண்டு கேள்விகள் எழும். இத்தனை குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளைப் பாடியும் ஏன் இரைச்சலாகவில்லை? சில படைப்புகள் அவ்வளவு நிதானமாக நகர, வேறு சில ஏன் பாய்ச்சலில் ஓடுகின்றன? இசையமைப்பாளரின் மேதைமை, வழிபாட்டின் தேவை, காலத்தின் ரசனை என்று பதில் சொல்வது வழக்கம். அவை உண்மைதான், ஆனால் போதாதவை. அந்த இசை எப்படிப்பட்ட கட்டடத்தில் பாடுவதற்காக எழுதப்பட்டது என்பதையும் பார்த்தாக வேண்டும். சேர்ந்திசையின் வேகத்தையும் அடர்த்தியையும் மௌனங்களையும் தீர்மானித்ததில் கூரையின் உயரத்துக்கும் சுவரின் கல்லுக்கும் பெரும் பங்கு உண்டு.

எழுப்பிய ஒலி நின்ற பிறகும் சுவர்களில் பட்டுத் திரும்பித் திரும்பி ஒலிப்பதை எதிர்முழக்கம் என்கிறோம். அந்த ஒலி 60 டெசிபல் குறைய, அதாவது அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்க, ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். 1890களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசுவது எதுவும் புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீராக்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளரிடம் வந்தது. இன்னோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. கூடத்தின் கன அளவு பெருகினால் முழக்கம் நீளும், துணியும் மனித உடல்களும் போல ஒலியை உறிஞ்சும் பரப்பு பெருகினால் அது குறுகும் என்ற விதி இப்படித்தான் கிடைத்தது. இன்றைய நல்ல இசையரங்குகளில் இந்த நேரம் ஏறத்தாழ 2 விநாடி. ஆளில்லாத லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அது 10 விநாடியைத் தாண்டும்.

இவ்வளவு நீண்ட முழக்கத்தில் சுரங்களை வேகமாக மாற்றினால் பழைய சுரம் அடங்குவதற்குள் புதியது அதன் மேல் விழுந்து எல்லாம் கலங்கிவிடும். ஒரே ஒத்திசைவில் நெடுநேரம் நின்றாலோ, ஒலி கூடிக் கூடிச் செழிக்கும். பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தோடு இணைத்துப் பேசப்படும் பெரோத்தன் 1200ஐ ஒட்டி எழுதிய நான்கு குரல் படைப்புகளில் இதைக் காணலாம். அடிக்குரல் ஒரே அசையை மிக நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற மூன்றும் அதன் மேல் அசைந்தாடுகின்றன. தம்புராவின் சுருதியைப் போல அந்த அடிக்குரல் மற்றவற்றைத் தாங்குகிறது. தம்புரா மாறாமல் ஒலிக்கும், இந்த அடிக்குரலோ வெகுநேரம் கழித்து அடுத்த சுரத்துக்கு நகரும், அவ்வளவே வேறுபாடு. 1570ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாமஸ் டாலிஸ் எழுதிய ‘ஸ்பெம் இன் ஏலியம்’ இதன் உச்சம். ஐந்தைந்து குரல்களாக எட்டுக் குழுக்கள், மொத்தம் 40 தனித்தனிக் குரல்கள். முடிவை நெருங்கும் இடத்தில் நாற்பதும் சட்டென்று நின்று, பிறகு ஒன்றாக எழுகின்றன. முழக்கம் குறைந்த அறையில் அது வெறும் இடைவெளி. உயர்ந்த கல் கூடத்திலோ முந்தைய ஒலி காற்றில் கரைந்துகொண்டிருக்கும்போதே புதிய ஒத்திசைவு வந்து சேர்கிறது.

வெனிஸில் கட்டடக் கலைஞரே இசைக்கு இடம் அமைத்தார். 16ஆம் நூற்றாண்டில் புனித மாற்கு ஆலயத்தின் பீடப் பகுதியில் யாகோப்போ சன்சொவினோ எதிரெதிரே இரண்டு பாடகர் மாடங்களைக் கட்டினார். இரு குழுக்கள் மாறி மாறிப் பாடும் இசைமுறை அங்கே ஓங்கி வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் ஒரு பாடகர் குழுவை வெனிஸ் ஆலயங்களில் பாடவைத்துச் சோதித்தார்கள். புனித மாற்கு ஆலயத்தின் நடுக்கூடத்தில் மங்கலாகக் கேட்ட இரு குழுக்களின் உரையாடல், அக்காலத்தில் வெனிஸின் ஆட்சித் தலைவர் அமர்ந்த பீடப் பகுதியில் தெளிவாகக் கேட்டது.

எதிர்ப்பக்கச் சான்று ஜெர்மனியின் லைப்சிக்கில் இருக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையில் பிரசங்கமே வழிபாட்டின் மையம், அதற்குச் சொல் விளங்க வேண்டும். அங்குள்ள புனித தோமா ஆலயத்தில் பழைய கல் கூடத்துக்குள் மர மாடங்கள் எழுந்தன. முழக்கத்தை இவை குறைத்ததால்தான் இசையமைப்பாளர் பாஃக் அங்கே விரைந்தோடும் குரல்களை எழுத முடிந்தது என்று ஒலியியலாளர் ஹோப் பேகனல் வாதிட்டார். இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மெசையா’ என்ற சேர்ந்திசைப் படைப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1742 ஏப்ரல் 13 அன்று அது அரங்கேறியது தேவாலயத்தில் அன்று, டப்ளினின் ஓர் இசைக் கூடத்தில். கூட்டம் அதிகம் கொள்ள வேண்டும் என்பதற்காகப் பெண்கள் வளையம் வைத்த பாவாடையையும் ஆண்கள் வாளையும் தவிர்த்து வரக் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். சுமார் 700 பேர் நெருக்கி அமர்ந்தார்கள், அத்தனை உடல்களும் ஒலியை உறிஞ்சின. ஒரே அசையின் மேல் பொடிப்பொடியாகச் சுரங்கள் விரையும் அதன் குழுப்பாடல்கள் அப்படிப்பட்ட கூடத்தில்தான் சுரம் சுரமாக விளங்கும்.

கல் கூடங்கள் உலகெங்கும் இருக்க, பலகுரல் இசை ஏன் எல்லா இடத்திலும் இப்படி வளரவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டடம் தானாக இசையைப் பிறப்பிப்பதில்லை. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குய்தோ கோடுகளின் மேல் சுரங்களைக் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியிராவிட்டால், நாற்பது குரல்களைத் தாளில் கோத்திருக்க முடியாது. எழுத்துமுறை வழிகளைத் திறந்தது, அவற்றில் எது காதுக்கு நிறைவு தரும் என்று கட்டடம் தேர்ந்தது. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது: ஹேண்டலே ‘மெசையா’வை லண்டன் நாடக அரங்கிலும் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தின் சிற்றாலயத்திலும் நடத்தினார், அப்படியிருக்க ஒரு கூடத்தோடு அதை எப்படிக் கட்டிப்போடுவது? ஒரு படைப்பு ஒரே கூடத்துக்கு மட்டும் உரியது என்பது என் வாதமன்று, ஒரு வகைக் கூடத்துக்கு உரியது என்பதே. அந்த எல்லையை மீறினால் என்னாகும் என்பதையும் ‘மெசையா’வே காட்டுகிறது. 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 500க்கும் மேற்பட்டோர் அதை நிகழ்த்தினார்கள். அடுத்த நூற்றாண்டில் பெருங்கூட்டமாகப் பாடுவதே மரபாகி, வேகம் தளர்ந்து கனம் ஏறியது. 20ஆம் நூற்றாண்டில் சிறு குழுக்களுக்குத் திரும்பிய பிறகே அதன் துள்ளல் மீண்டது.

ஆகவே பாடுபவர்கள் சுரத்தாளோடு கூடத்தையும் படிக்க வேண்டும். முழக்கம் மிகுந்த இடத்தில் காலப்பிரமாணத்தைத் தளர்த்துவதும், முழக்கம் குறைந்த இடத்தில் மௌனங்களைச் சுருக்குவதும் படைப்புக்கு இழைக்கும் துரோகம் ஆகாது. அதை எழுதியவர் காதில் வைத்திருந்த ஒலியைத் தேடும் முயற்சி அது. கேட்பவருக்கும் இதில் பயனுண்டு. டாலிஸின் நிதானம் அலுப்பூட்டினால், ஹேண்டலின் ஓட்டம் குழம்பினால், இசையைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பதிவு எங்கே எடுக்கப்பட்டது என்று பாருங்கள். வேறொரு கூடத்தில் எடுத்த பதிவில் அதே படைப்பு உங்களுக்கு வசப்படக்கூடும்.