முதுகை அளந்து பை வாங்குங்கள்

"அண்ணா, ஜப்பான்ல மூணு மாசம் ட்ரெய்னிங். எத்தனை லிட்டர் பேக் எடுக்கலாம்?"

கும்மிடிப்பூண்டி பஜாரில் பை தைப்பதும், கிழிந்து வருகிற பைகளை ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில். சிப்காட் கம்பெனிகளிலிருந்து வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போகிற டெக்னீஷியன்கள், தேர்வாய்கண்டிகைப் பக்கத்து இன்ஜினீயர் பையன்கள், பொன்னேரியிலிருந்து சிங்கப்பூர் போகிற நர்ஸ் பெண்கள், துபாய்க்கு வெல்டிங் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். ஒரு மாசம் என்றால் நாற்பது லிட்டர், மூணு மாசம் என்றால் எழுபது லிட்டர் என்று அவர்களே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

அந்தக் கணக்கு தப்பு. ஒரு வாரத்துக்கு மேல் எங்கே தங்கினாலும் துணி துவைத்துத்தான் ஆக வேண்டும். பத்து நாள் பயணத்துக்கும் மூணு மாசப் பயணத்துக்கும் தேவைப்படுவது அதே ஐந்தாறு செட் துணிதான். ஜப்பானின் குளிருக்கு ஒரு கோட்டு வேண்டுமே என்பார்கள். கோட்டை உடம்பில் போட்டுக்கொண்டு விமானம் ஏறலாம், அதற்குப் பையில் இடம் வேண்டாம். அதனால் நாட்களை ஓரமாக வையுங்கள். பையின் அளவை முடிவு பண்ணுவது இரண்டே விஷயம்: நீங்கள் ஏறுகிற விமானம், உங்கள் முதுகு.

விமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இண்டிகோவில் கைப்பைக்கு 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ. இந்திய விமான நிலையங்களில் பொதுவாகச் சொல்கிற அளவு 55 × 40 × 20. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்று பக்கத்தையும் கூட்டி 115 செ.மீ. என்கிறது. முதல் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அதே 115 வரும். லிட்டர் கண்டுபிடிக்க மூன்று பக்கத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும். 55 × 40 × 20 என்றால் 44 லிட்டர். ஆனால் அது பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கிற பைக்கு. முதுகில் மாட்டுகிற பைக்கு மேல்முனை வளையும், உள்ளே நுரை, லைனிங் எல்லாம் இடம் பிடிக்கும். அதனால் விமானத்துக்குள் கூடவே எடுத்துப் போகிற பைக்கு 40 லிட்டர்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் என்றால் செக்-இன் பண்ண வேண்டியதுதான்.

கடையில் லேபிளைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். 60 லிட்டர் என்று அச்சடித்த பைகளை டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டாதவையும் அதில் உண்டு. இன்னொரு பக்கம், 40 லிட்டர் என்று வாங்கின பையின் முன்பாக்கெட்டில் செருப்பையும் சார்ஜரையும் திணித்தால் 20 செ.மீ. கனம் 28 ஆகிவிடும். ஏர்போர்ட்டில் வைத்திருக்கிற இரும்புச் சட்டத்துக்குள் பை போகாமல் சிக்குவது இந்தப் பாக்கெட்டால்தான். அளக்கும்போது பையை நிரப்பிவிட்டு அளக்க வேண்டும், பிடி, பக்கிள் எல்லாம் சேர்த்து.

அளவு சரியாக இருந்தாலும் எடை காலை வாரும். 7 கிலோ என்பது பையின் எடையையும் சேர்த்து. சக்கரம் வைத்த டிராலி காலியாகவே இரண்டரை மூணு கிலோ இருக்கும். நல்ல முதுகுப்பை ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு கிலோ, சேஃப்டி ஷூ ஒன்றேகால் கிலோ, ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோ. மிச்சம் என்ன இருக்கிறது? சேஃப்டி ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு போங்கள் என்று ஒரு தம்பியிடம் சொன்னேன். இரும்பு மூக்கு செக்யூரிட்டியில் கத்துமே என்றான். கத்தினால் கழற்றி டிரேயில் வைப்பதுதானே, அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பவர் பேங்க்கை செக்-இன் பண்ணுகிற பையில் போடக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-அவர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர்தான், கவலையில்லை. ஆனால் கேட்டில் இடமில்லை என்று உங்கள் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பினால், கொடுப்பதற்கு முன் பவர் பேங்க்கை வெளியே எடுத்துவிட வேண்டும். அது கை போட்டதும் கிடைக்கிற பாக்கெட்டில் இருக்கட்டும். அம்மா கட்டிக் கொடுக்கிற எண்ணெய் ஊறின மாங்காய் ஊறுகாய் செக்-இன் பைக்குள் போகட்டும். கைப்பையில் தண்ணி மாதிரி, குழம்பு மாதிரி இருக்கிற எதுவும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

அடுத்தது முதுகு. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. என் கடைக்கு வருகிறவர்களை நிற்க வைத்துத் தலையைக் குனியச் சொல்வேன். கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் ஓர் எலும்பு முண்டிக்கொண்டு தெரியும். அங்கே டேப்பின் நுனியை வைப்பேன். பிறகு இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டச் சொல்வேன். கட்டைவிரல்கள் சந்திக்கிற கோடு வரைக்கும் முதுகெலும்பை ஒட்டி டேப்பை இறக்கினால் கிடைப்பதுதான் முதுகு நீளம். 43 செ.மீ.க்குக் கீழே என்றால் சின்ன அளவு, 48-க்கு மேல் போனால் பெரிய அளவு, நடுவில் மீடியம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

ஆளின் உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரியபாளையத்திலிருந்து ஆறடிப் பையன் ஒருவன் வந்தான். கால்தான் நீளம், முதுகு 42. அவனோடு வந்த அக்கா அவன் தோளுக்குத்தான் இருப்பாள், அவளுக்கு 44. பெரிய பையை வாங்கிவிட்டு, இடுப்புப் பட்டை தொடையில் இடிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

அந்த இடுப்புப் பட்டை அலங்காரத்துக்கு வைத்ததில்லை. 1952-இல் அமெரிக்காவில் டிக் கெல்ட்டி என்பவர் அலுமினியச் சட்டம் வைத்த பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார், மனைவி நீனா தைத்துக் கொடுத்தார். பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் உட்கார வைக்கிற பை பரவலானதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. இன்றைக்கும் விஷயம் அதேதான். பட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக உட்கார்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி காலுக்குப் போய்விடும். வயிற்றில் கட்டினால் மூச்சுத்தான் முட்டும். பத்துக் கிலோவுக்கு மேல் சுமக்கப் போகிறவர்கள் இடுப்புப் பட்டை இல்லாத பையைத் தொடவே வேண்டாம். உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாமல் இருப்பது நல்லது. அறுபது கிலோ ஆள் என்றால் பன்னிரண்டு கிலோ.

தையல்காரன் கண்ணால் இரண்டு இடத்தைப் பார்த்துவிடுங்கள். தோள்பட்டை, பையோடு சேருகிற மேல் முனை முதலாவது. ரிப்பேருக்கு வருவதில் பெரும்பாலும் அங்கேதான் விட்டிருக்கும். பட்டையைத் திருப்பிப் பார்த்தால் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டின குறுக்குத் தையல் தெரிய வேண்டும். ஒற்றைத் தையல் மட்டும் ஓடியிருந்தால் பையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இரண்டாவது, ஜிப்பு வளைகிற மூலை. பை நிரம்பியிருக்கும்போது ரன்னர் அந்த மூலையில் திக்காமல் ஓட வேண்டும். மெயின் ஜிப்பு எட்டாம் நம்பருக்குக் குறையக் கூடாது.

மாமா பத்து வருஷத்துக்கு முன்னால் சவூதியிலிருந்து கொண்டுவந்த பை லாஃப்டில் இருக்கிறது, அதையே எடுத்துப் போகிறேன் என்பவர்கள் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் உள்பூச்சு பிசுபிசுத்து, பொடியாக உதிர ஆரம்பித்திருந்தால் அதற்கு ரிப்பேர் கிடையாது. துணியெல்லாம் வெள்ளைத் தூளாகும்.

இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு. அவர்களுடைய முப்பது கிலோவையும் முதுகில் ஏற்றுகிற வேலை வேண்டாம். பாத்திரம், துணி, மசாலா எல்லாம் சூட்கேஸில் போகட்டும். முதுகுக்கு 20 முதல் 25 லிட்டர் பை போதும். அதில் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், ஒரிஜினல் சான்றிதழ்கள், மாத்திரை, ஒரு மாற்று உடை. சான்றிதழ் ஃபைல் மடங்காமல் உள்ளே போகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். சூட்கேஸ் ஒரு நாள் தாமதமாக வந்தால்கூட இந்தப் பை ஒன்றே உங்களைக் காப்பாற்றும். மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன்.

பை வாங்கியாச்சு என்றால், கிளம்புகிற நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே எல்லாவற்றையும் அடுக்கி ஒரு தடவை சுமந்து பார்த்துவிடுங்கள். காலை நெரிசலில் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவுக்குப் படி இறங்கி விமான நிலையம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பலாம். திருவள்ளூர்க்காரர்களுக்கும் சென்ட்ரல் வழிதான். நின்றுகொண்டே போகிற அந்த ஒன்றரை மணி நேரத்தில், எதையெல்லாம் வீட்டில் விட வேண்டும் என்று உங்கள் தோளே சொல்லிவிடும். திரும்பி வந்ததும் அதையெல்லாம் எடுத்து வெளியே போடுங்கள். அப்புறமும் பட்டை உறுத்தினால் பையோடு நேரே கடைக்கு வாருங்கள். பட்டையை ஏற்றி இறக்கித் தைக்க அரை நாள் போதும். ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.