5 முறை சாம்பியன், அரங்கம் எப்போதும் ஹவுஸ்ஃபுல்: ஆனாலும் நெப்ராஸ்கா அணிக்கு டாப் வீரர்கள் வரத் தயங்குவது ஏன்?

வாரன் பஃபெட் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் ஒமாஹா என்று சட்டென சொல்லிவிடுவீர்கள். அந்த ஒமாஹா இருக்கும் மாநிலம்தான் நெப்ராஸ்கா. அமெரிக்காவின் நட்டநடுவே சோள வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த சமவெளி. இந்த மாநிலத்துக்கு என்எஃப்எல் அணி கிடையாது. என்பிஏ அணியும் கிடையாது. அங்குள்ளவர்கள் தங்களுடையது என்று கொண்டாடுவது லிங்கன் நகரில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியைத்தான். பெயர் கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளக்கதிர் உரிப்பவர்கள்.

மேட்ச் நாளில் சுமார் 85,000 பேர் மெமோரியல் ஸ்டேடியத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த சில மணி நேரத்துக்கு ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய 'நகரம்' அந்த அரங்கம்தான். 1962 நவம்பரில் இருந்து அங்கே நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. 1970, 1971, 1994, 1995, 1997 என ஐந்து தேசிய சாம்பியன் பட்டங்கள். 1969 முதல் 2001 வரை ஒரு வருடம்கூட ஒன்பது வெற்றிகளுக்குக் கீழே இறங்கியதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஆட திறமையான பசங்க வரிசையில் நிற்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நடப்பது வேறு. 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு சீசன்களில் இந்த அணி வென்றதைவிட தோற்றதே அதிகம். 2019-ல் என்எஃப்எல் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நெப்ராஸ்காவிலிருந்து ஒருவர் பெயரைக்கூட அழைக்கவில்லை. 1963-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

என்னதான் ஆச்சு?

முதலில் ஒரு சின்ன விளக்கம்

நாம் இங்கே பேசுவது மெஸ்ஸி ஆடும் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட்டும் பாதுகாப்புக் கவசமும் அணிந்து முட்டி மோதி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் என்எஃப்எல் யாரையும் எடுக்காது. ஆக, 18 வயதில் பள்ளியை விட்டு வரும் பையனுக்கு கோடிகளை நோக்கிப் போகும் ஒரே பெரிய சாலை காலேஜ் ஃபுட்பால்தான்.

அதனால் அங்கே காலேஜ் பையனைத் தேடி வரும். கோச்சே விமானம் ஏறி வந்து, வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அம்மாவிடம் பேசுவார். இந்த மொத்த வேட்டைக்கும் பெயர் ரெக்ரூட்டிங். பள்ளி மாணவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடுவதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. நாடு முழுவதும் வருடத்துக்கு முப்பது, நாற்பது பேருக்குத்தான் 5 ஸ்டார் கிடைக்கும். அவர்களுக்காக முதல் நிலையில் உள்ள 130-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் போட்டி போடலாம் என்பது பேச்சளவில். ஜார்ஜியா, அலபாமா, ஒஹாயோ ஸ்டேட், டெக்சாஸ் என்று பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடும்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. பட் எலியட் என்ற விளையாட்டு எழுத்தாளர் ஒரு கணக்கைப் பிரபலமாக்கினார். ஒரு அணி நான்கு வருடங்களில் சேர்த்த பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேல் 4 அல்லது 5 ஸ்டார் பெற்றவர்களாக இருந்தால்தான் தேசிய சாம்பியன் ஆக முடியும் என்பது அந்தக் கணக்கு. பல வருடங்களுக்கு அது பொய்க்கவே இல்லை. நெப்ராஸ்கா அந்தப் பாதிக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

வரைபடம் சொல்லும் கதை

2020 கணக்கெடுப்பில் நெப்ராஸ்காவின் மக்கள்தொகை சுமார் 19.6 லட்சம். டெக்சாஸில் 2.9 கோடி, ஃபுளோரிடாவில் 2.15 கோடி, ஜார்ஜியாவில் 1.07 கோடி. நல்ல ஃபுட்பால் வீரர்கள் அதிகம் உருவாவதும் இந்தத் தென் மாநிலங்களில்தான். லிங்கனிலிருந்து டல்லாஸுக்கு சாலை வழியாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். மயாமிக்கு 2,600. மகன் ஆடுவதை வாரா வாரம் பார்க்க ஆசைப்படும் அம்மாவுக்கு இந்தத் தூரம் சின்ன விஷயம் இல்லை. நவம்பர் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சொந்த மாநிலத்தில் பெரிய அளவில் தேறுபவர்கள் வருடத்துக்கு ஒரு கைப்பிடிதான். அவர்களில் ஒருவர் கைநழுவினாலும் வலிக்கும். ஒமாஹா சவுத் பள்ளியில் படித்த நோவா ஃபான்ட் பக்கத்து மாநிலமான ஐயோவாவின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நெப்ராஸ்காவுக்கு வெறுங்கையாக முடிந்த அதே 2019 தேர்வில், முதல் சுற்றில் 20-வது ஆளாக அவரை டென்வர் எடுத்தது.

சரி, இவ்வளவும் புரிகிறது. ஆனால் இந்த வரைபடம் 1970-லும் இதே வரைபடம்தானே? 1995-லும் லிங்கன் அதே இடத்தில்தானே இருந்தது? அப்போது எப்படி ஜெயித்தார்கள்?

பலரும் பூகோளத்தைக் காரணம் காட்டிவிட்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து ரகசியம்

1962-ல் பாப் டெவேனி கோச்சாக வந்தார். அவருக்குப் பிறகு 1973 முதல் 1997 வரை டாம் ஆஸ்போர்ன். இருவருக்கும் ஒன்று தெரிந்திருந்தது: பெரிய ஸ்டார்களை அள்ளும் போட்டியில் தெற்கு மாநிலங்களை ஜெயிக்க முடியாது. அதனால் மற்றவர்கள் கண்டுகொள்ளாத இடங்களில் முதலீடு செய்தார்கள்.

எடை தூக்கினால் தசை இறுகி வேகம் குறைந்துவிடும் என்று பல கோச்சுகள் நம்பிய காலம் அது. நெப்ராஸ்கா 1969-லேயே பாய்ட் எப்லி என்பவரை உடற்பயிற்சிக்கென்றே தனி கோச்சாக நியமித்தது. பள்ளியில் சுமாராக இருந்த பண்ணை வீட்டுப் பையன், மூன்று வருடம் கழித்து மலை மாதிரி வெளியே வந்தான்.

அடுத்தது வாக்-ஆன் முறை. அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல், கட்டணத்தைத் தாங்களே கட்டிக்கொண்டு அணியில் சேரும் மாணவர்கள். ஒரு அணிக்கு எத்தனை ஸ்காலர்ஷிப் என்ற உச்சவரம்பு 1973-ல் 105 ஆக இருந்து, 1990-களில் 85 ஆகக் குறைந்தது. வரம்பு குறையக் குறைய மற்ற அணிகள் சுருங்கின. நெப்ராஸ்கா சுருங்கவில்லை. மாநிலத்தின் மூலை முடுக்கில் உள்ள சின்ன ஊர்களிலிருந்து, சிவப்பு ஜெர்சி போட்டால் போதும் என்று பையன்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவர்கள் ஆடிய ஆட்டமும் அதற்கேற்றது. பந்தைத் தூர எறிவதைவிடக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் 'ஆப்ஷன்' முறை. இதற்கு முதல் தேவை முன்வரிசையில் எதிராளியைத் தள்ளி வழி உண்டாக்கும் பலசாலிகள். அவர்கள் உள்ளூரிலேயே கிடைத்தார்கள். வேகக்காரர்கள் மட்டும் வெளியிலிருந்து வந்தால் போதும். 1983-ல் ஹைஸ்மன் விருது வாங்கிய மைக் ரோஜியர் நியூ ஜெர்சிக்காரர். 1994, 1995 பட்டங்களை வென்ற டாமி ஃப்ரேசியர் ஃபுளோரிடாவிலிருந்து வந்தவர்.

இதோடு டிவி. அப்போது எந்த ஆட்டத்தை ஒளிபரப்புவது என்பதை என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு கட்டுப்படுத்தியது. வாரத்துக்குச் சில ஆட்டங்கள்தான் தேசிய அளவில் தெரியும். அவற்றில் நெப்ராஸ்கா அடிக்கடி வரும். ஃபுளோரிடாவில் இருக்கும் பையனுக்கு 'டிவியில் வரும் காலேஜ்' என்ற கவர்ச்சி இருந்தது.

பிறகு இவை ஒவ்வொன்றாகக் கழன்றன. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்சிஏஏவின் டிவி ஏகபோகம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. கேபிள் சேனல்கள் பெருகின. சுமாரான அணிகூட வாரா வாரம் திரையில் வந்தது. எல்லாக் கல்லூரியும் பெரிய ஜிம் கட்டியது. பந்தை எறியும் ஆட்டமே என்எஃப்எல்லின் அடையாளமானது. ஓடும் ஆட்டம் ஆடும் அணியில் சேர, எதிர்காலத்தை யோசிக்கும் ஒரு ரிசீவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?

உங்கள் வேலையில் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறுவனம் யாருக்கும் தெரியாத ஒரு டெக்னிக்கால் பத்து வருடம் முன்னணியில் இருக்கும். எல்லோரும் அதைக் கற்றுக்கொண்ட பிறகு, பழைய பெயர் மட்டும் மிஞ்சும். நெப்ராஸ்காவுக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

தாங்களே போட்டுக்கொண்ட சூடு

இதுவரை சொன்னதெல்லாம் காலத்தின் கோலம். இனி வருவது சொந்தத் தவறுகள்.

2003-ல் ஃபிராங்க் சோலிச் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வியோடு வழக்கமான சீசனை முடித்தார். வேலை போனது. அடுத்து வந்த பில் கல்லஹான் பழைய ஆப்ஷன் முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு என்எஃப்எல் பாணிக்கு மாறினார். 2007-ல் அவரும் வெளியே. பிறகு போ பெலினி. ஏழு சீசன்களிலும் ஒன்பது வெற்றிகளுக்குக் குறையவே இல்லை. ஆனாலும் 2014-ல் அனுப்பிவிட்டார்கள். மைக் ரைலி மூன்று வருடம். 1997 சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக் ஸ்காட் ஃப்ராஸ்ட் 2018-ல் 'வீட்டுப் பிள்ளை' என்ற வரவேற்போடு வந்து, 2022 சீசன் நடுவிலேயே போனார். அவருடைய 2021 அணி விசித்திரமானது: ஒன்பது தோல்விகள், ஒன்பதுமே ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு 1999 சீசனிலிருந்து ஒரே கோச்தான்: கிர்க் ஃபெரன்ட்ஸ். அங்கேயும் அதே குளிர், அதே சோளம், 5 ஸ்டார் வீரர்களும் அபூர்வம். ஆனால் ஐயோவாவுக்குப் போகும் பையனுக்கு, தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பேசியவர் நாலு வருடம் கழித்தும் இருப்பார் என்ற நம்பிக்கை உண்டு. ஒரு மேனேஜரை நம்பி வேலையில் சேர்ந்து, மூன்றாவது மாதமே அவர் ராஜினாமா செய்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் இதன் கனம் தெரியும். போட்டி கல்லூரிகளும் இதைத்தான் குத்திக்காட்டுகின்றன: "அந்த கோச் அடுத்த வருஷம் இருப்பாரா தம்பி?"

2011-ல் பிக் 12 அமைப்பிலிருந்து பிக் டென் அமைப்புக்கு மாறியதும் ரெக்ரூட்டிங்கில் அடிதான். பிக் டென்னின் டிவி வருமானம் மிகப் பெரியது. பண ரீதியில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பிக் 12-ல் இருந்தவரை டெக்சாஸில் அடிக்கடி ஆட வாய்ப்பு இருந்தது. டல்லாஸ் பையனிடம் "உன் குடும்பத்தார் உன் ஊர்ப் பக்கத்திலேயே உன்னைப் பார்க்கலாம்" என்று சொல்ல முடிந்தது. அது போய்விட்டது.

இன்னொன்று, ரசிகர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவது. இன்று ரெக்ரூட் ஆகும் பையன் பிறந்தது 2008 வாக்கில். நெப்ராஸ்கா கடைசியாகத் தன் கான்ஃபரன்ஸ் பட்டத்தை வென்றது 1999. அவனுக்கு இந்த அணியின் பெருமை அப்பா சொல்லும் பழங்கதை. அலபாமாவும் ஜார்ஜியாவும்தான் அவன் கண்ணால் பார்த்த சாம்பியன்கள்.

பணம் வந்த பிறகு?

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர். இதில் நெப்ராஸ்கா ஏழை இல்லை. மாநிலத்தில் வேறு பெரிய தொழில்முறை அணி இல்லாததால் உள்ளூர் ஸ்பான்சர்களின் கவனம் முழுவதும் இங்கேதான். (கல்லூரிப் பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் இதே அரங்கில் 92,003 பேர் திரண்ட ஊர் இது.)

பணமும் பாசமும் சேர்ந்தபோது ஒரு பெரிய மீனும் விழுந்தது. 5 ஸ்டார் குவார்ட்டர்பேக் டிலன் ரயோலா, ஜார்ஜியாவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தவர், 2023 டிசம்பரில் நெப்ராஸ்கா பக்கம் திரும்பினார். அப்பா டொமினிக் ரயோலா இங்கே ஆடியவர். சித்தப்பா இங்கே கோச்சாக இருந்தார். இரண்டு சீசன் ஆடினார். பிறகு ஆரெகனுக்குப் போய்விட்டார். 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வழியாக இப்போது கல்லூரி மாறுவது அவ்வளவு சுலபம். நம்ம ஐடி வேலை மாதிரி நோட்டீஸ் பீரியட் தொல்லைகூட இல்லை.

அதே போர்ட்டல் இன்னொரு கதவையும் திறந்தது. இந்தியானா பல்கலைக்கழகம் பிக் டென்னில் நெப்ராஸ்காவின் சக அணி. வரலாற்றில் அதிகம் தோற்ற அணிகளின் முதல் வரிசையில் இருந்தது. கர்ட் சிக்னெட்டி என்ற கோச் 2024 சீசனுக்கு வந்தார். தன் பழைய கல்லூரியிலிருந்து பல வீரர்களைக் கையோடு அழைத்து வந்தார். அந்த வருடமே நெப்ராஸ்காவை 56-7 என்று நொறுக்கினார். 2026 ஜனவரியில் ஒரு தோல்விகூட இல்லாமல் இந்தியானா தேசிய சாம்பியன். 5 ஸ்டார் பட்டாளம் எதுவும் அந்த அணியில் கிடையாது. பட் எலியட் கணக்கு உடைந்தது.

டெவேனியும் ஆஸ்போர்னும் செய்ததும் வேறு ரூபத்தில் இதேதான்: மற்றவர்கள் கவனிக்காத ஆட்களைக் கண்டுபிடிப்பது. அதனால் 'எங்க ஊர்ல ஆள் இல்ல, குளிர் வேற' என்ற பதிலை நெப்ராஸ்கா ரசிகர்களே இனி ஏற்பது கஷ்டம்.

இப்போதைய கோச் மேட் ரூல், 2022 நவம்பரில் நியமிக்கப்பட்டவர். 2025 இலையுதிர் காலத்தில் அவர் படித்த பென் ஸ்டேட் கல்லூரியில் கோச் பதவி காலியானது. அவர் அங்கே போவாரா என்ற பேச்சு கிளம்பியதும், நெப்ராஸ்கா அவருடைய ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்தது. அடுத்த முறை ஏதோ ஒரு டெக்சாஸ் வீட்டு சோபாவில் உட்காரும்போது, அந்த அம்மாவிடம் அவர் காட்ட வேண்டிய முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.