சானன்ரி முனையில் ஓதம் ஏறும் நேரம்

டால்பினைப் பார்க்க வேண்டுமென்றால் படகேற வேண்டும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். சுற்றுலாத் தலங்களில் விற்பதும் அதைத்தான்: மோட்டார் படகு, லைஃப் ஜாக்கெட், அரைமணி நேரத் துரத்தல். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள சானன்ரி முனைக்குப் போய்வந்தவர்கள் இந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுவார்கள். அங்கே கூழாங்கல் கரையில் சும்மா நின்றால் போதும். கல்லெறி தூரத்தில் டால்பின்கள் வேட்டையாடும்.

இன்வர்னெஸ் நகரைத் தாண்டிக் கெசாக் பாலத்தைக் கடந்தால் பிளாக் ஐல் தீபகற்பம். பார்லி வயல், ஆட்டு மந்தை, கல்வீடுகள் என்று நிதானமாக விரியும் நாட்டுப்புறம். ஃபோர்ட்ரோஸ், ரோஸ்மார்க்கி என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவிலிருந்து ஒரு நிலமுனை மோரே ஃபர்த் கடற்கழிக்குள் நீண்டு கிடக்கிறது. முனைக்குப் போகும் குறுகிய சாலை கோல்ஃப் மைதானத்தின் ஊடாகவே செல்கிறது. நுனியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். 1846-இல் அதைக் கட்டிய ஆலன் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்குப் பெரியப்பா. எதிர்க்கரையில் ஜார்ஜ் கோட்டையின் நீண்ட மதில் தெரியும்.

கோட்டைக்கும் முனைக்கும் நடுவே கடல் குறுகிவிடுகிறது. டால்பின்கள் இங்கே வருவதற்கு அந்த இடுக்குதான் காரணம். கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கோடையில் தாம் பிறந்த ஆறுகளுக்குத் திரும்புகின்றன. நெஸ், பியூலி ஆறுகளுக்குப் போக வேண்டிய மீன் இந்த இடுக்கைக் கடந்தே ஆக வேண்டும். வற்றம் முடிந்து ஓதம் ஏறத் தொடங்கும்போது நீரோட்டம் உள்நோக்கித் திரும்புகிறது. மீன்கள் அதனோடு உள்ளே வருகின்றன. ஏரி மடையில் பறி வைத்துக் காத்திருப்பவர்களைப் போல டால்பின்கள் அந்த ஓட்டத்தில் நிலைகொள்கின்றன. கரையை ஒட்டியே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால் நமக்கு இத்தனை அருகில் வர அவற்றுக்குத் தயக்கமில்லை.

எனவே இங்கே வருபவர்கள் முதலில் பார்ப்பது ஓத அட்டவணையை. வற்றம் முடிந்து சுமார் ஒரு மணி நேரம் கழித்துக் கரைக்கு வரச் சொல்வார்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் மாலை ஓதத்தையும் விட வேண்டியதில்லை.

கரையில் நிற்கும்போது முதலில் கண்ணில் படுவது நீரோட்டத்தின் கோடு. ஓடும் நீரும் தேங்கிய நீரும் உரசும் இடத்தில் கடல் கொதிப்பதுபோலச் சுழிக்கும். காற்று அடங்கியிருந்தால் டால்பினைப் பார்க்கும் முன்பே அதன் மூச்சு கேட்கும். உச்சந்தலைத் துளை திறந்து புஸ்ஸென்று காற்றை வெளியே தள்ளுகிற சத்தம் அது. பிறகு சாம்பல் நிற முதுகு, வளைந்த துடுப்பு, ஒரு நொடிக்குள் மறைவு. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் எழும், ஓட்டத்தை எதிர்த்து நீந்தியபடி. திடீரென்று நீர் கிழியும். வெள்ளி மின்னும் சால்மன் ஒன்று காற்றில் சுழலும். பிடித்த மீனைத் தூக்கி வீசித் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்குகிறது டால்பின். கரையில் நிற்பவர்கள் யார் எவர் என்று தெரியாமலே ஒருவரையொருவர் தோளில் தட்டிக் காட்டிக்கொள்கிறார்கள்.

இவை பாட்டில்மூக்கு டால்பின்கள். உலகில் இந்த இனம் நிலையாக வாழும் வடகோடிக் கூட்டங்களில் ஒன்று. குளிர்நீருக்கு ஈடுகொடுக்கத் தடித்த கொழுப்புப் படலம். உடல்நீளம் ஏறத்தாழ நான்கு மீட்டர் வரை போகும். வெப்பக் கடலில் வாழும் உறவுகள் இவற்றின் முன் சிறியவை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை முழுவதற்கும் சேர்த்தே எண்ணிக்கை 200-க்குச் சற்று மேல்தான். குரோமார்ட்டி ஊரில் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கள நிலையம் இருக்கிறது. 1989 முதல் முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டுகளையும் தழும்புகளையும் படமெடுத்து ஒவ்வொரு டால்பினையும் தனித்தனியே அடையாளம் கண்டு வருகிறார்கள். தாய் யார், குட்டி எது, யார் யாருடன் திரிகிறார்கள் என்பதெல்லாம் பதிவில் உண்டு.

அவற்றில் ஸ்பர்டில் என்ற பெண் டால்பினின் கதை எனக்கு மிகப் பிடித்தது. 2016 மே மாதம் குரோமார்ட்டி கழியின் சேற்றுப் பரப்பில் சிக்கி, ஏறக்குறைய ஒரு நாள் வெயிலில் கிடந்தது. விலாவில் தோல் வெந்து உரிந்துவிட்டது. மீட்புக் குழுவினர் கடலில் சேர்த்தபோது பிழைக்கும் என்ற நம்பிக்கை அதிகமில்லை. பிழைத்தது. சில ஆண்டுகள் கழித்து அயர்லாந்துக் கடலோரத்தில் நீந்தியபோதும் அந்த வெயில் தழும்பே அதைக் காட்டிக்கொடுத்தது.

இவற்றைச் சிரித்த முகமுள்ள சாதுக்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. மோரே ஃபர்த் கழியில் செத்து ஒதுங்கிய சிறிய கடற்பன்றிகளின் உடலில் முறிந்த விலா எலும்புகளும் பல்தடங்களும் இருந்தன. அவற்றை அடித்துக் கொன்றவை டால்பின்கள் என்பதை 1990-களில் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். காட்டு விலங்கைக் காட்டு விலங்காகவே பார்க்கச் சானன்ரி கற்றுத்தருகிறது என்பேன். கைகொடுக்கும் டால்பின், வளையம் தாண்டும் டால்பின் எல்லாம் தொட்டிகளில் நாம் உருவாக்கியவை.

மோரே ஃபர்த் 2005 முதல், முதன்மையாக டால்பின்களுக்காக, சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக இருக்கிறது. அவற்றை வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ தொந்தரவு செய்வது ஸ்காட்லாந்தில் குற்றம். ஆனால் எந்தச் சட்டமும் இரையைக் கொண்டுவந்து கொட்டாது. 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆறுகள் சூடேறுவதும், தடுப்பணைகளும், மாசும் காரணங்கள். சால்மன் வராவிட்டால் டால்பின்களுக்கும் இந்த முனையில் வேலையில்லை. இங்கே கவலைப்பட வேண்டியது சால்மனுக்காகத்தான்.

ஸ்காட்லாந்து நமக்குத் தூரம். செங்கோட்டை வழியே ரயிலேறினால் கொல்லம் தூரமில்லை. அங்கே அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் நீண்டகரைப் பக்கம், கூன்முதுகு டால்பின்கள் மீன்களைக் கரைப்பக்கம் விரட்ட, வீச்சுவலைக்காரர்கள் அந்தக் கணம் பார்த்து வலை எறிவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குக் கடலோரம் போகிறவர்கள் படகுக்காரரிடம் பேரம் பேசும் முன், ஊர் மீனவர் ஒருவரிடம் ஓதம் ஏறும் நேரத்தைக் கேளுங்கள். பைனாகுலர் ஒன்றை எடுத்துக்கொண்டு முகத்துவாரக் கரையில் நில்லுங்கள். வரவேண்டியவை தாமாக வரட்டும்.