பதினெட்டு சதவீதம் இருக்கும்போதே போன் ஏன் அணைகிறது?

வாங்கி இரண்டு மூன்று வருஷமான போன் வைத்திருப்பவர்கள் பலரும் கேட்பது இது. திரையில் 18 சதவீதம் என்று இருக்கிறது. கேமராவைத் திறந்து ஃபிளாஷ் போட்டதும் போன் செத்துவிடுகிறது. சார்ஜரில் செருகி ஆன் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி 17 காட்டுகிறது. அப்படியானால் உள்ளே சார்ஜ் இருந்ததா, இல்லையா?

இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை. இது புரிய வேண்டுமானால் அந்த 18 எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம்.

லித்தியம் அயான் செல்லுக்குள் எவ்வளவு மிச்சம் என்று நேராக அளக்க ஒரு கருவியும் கிடையாது. வெளியிலிருந்து அளக்க முடிந்தவை மூன்றுதான்: வோல்டேஜ், கரன்ட், சூடு. மற்றதெல்லாம் இவற்றை வைத்துப் போடும் கணக்கு. வோல்டேஜ் ஒன்றே போதாதா என்று தோன்றும். வழக்கமான செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் பக்கம். ஆனால் நடுவே அது சீராக இறங்குவதில்லை, நெடுநேரம் 3.6க்கும் 3.9க்கும் இடையிலேயே தவழ்கிறது. பாதிக்கு மேல் சார்ஜ் தீர்ந்தாலும் வோல்டேஜில் தெரியும் மாற்றம் கொஞ்சம்தான். போதாததற்கு, போன் வேலை செய்யும்போது ஒரு அளவும், சும்மா இருக்கும்போது வேறு அளவும் காட்டும்.

அதனால் கரன்ட்டை எண்ணுகிறார்கள். பேட்டரியின் பாதையில் மிகச் சிறிய ரெசிஸ்டர் ஒன்றை வைப்பார்கள். பத்து மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே பத்து மில்லி வோல்ட் தோன்றும். அந்த நுனியளவு வோல்டேஜை ஒரு சிப் ஓயாமல் அளந்து, நேரத்தோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க முடியாத நெல் குதிருக்கு, கொட்டிய மரக்காலையும் எடுத்த மரக்காலையும் எண்ணிக் கணக்கு வைக்கிற மாதிரி. ஒவ்வொரு அளவிலும் துளி பிசகு இருக்குமல்லவா, அது நாளாக ஆகச் சேரும். ஆகவே பேட்டரி முழுதாக நிரம்பும்போதும், அடிமட்டத்துக்கு இறங்கும்போதும், போன் நெடுநேரம் அசையாமல் கிடக்கும்போதும் சிப் வோல்டேஜைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

இதில் இன்னொரு சிக்கல்: குதிரே சுருங்கிக்கொண்டு வருகிறது. செல்லை முதல் தடவை சார்ஜ் செய்யும்போது, கிராஃபைட் முனையின் மேல் எலக்ட்ரோலைட் சிதைந்து மெல்லிய ஏடு ஒன்று படிகிறது. அது படியாவிட்டால் செல் நிலைக்காது. அந்த ஏடுதான் மேற்கொண்டு சிதையாமல் காப்பது. ஆனால் ஏடு வளர்வது முழுதாக நின்றுவிடுவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தடித்து, லித்தியத்தை விழுங்குகிறது. சூடு அதிகமானால் வேகமாக வளரும். நூறு சதவீதத்திலேயே நாள்கணக்கில் கிடந்தாலும் அப்படியே. ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான். அங்கே சூடும் உண்டு, முழு சார்ஜும் உண்டு.

ஏடு தடிக்கத் தடிக்க, செல்லின் உள் ரெசிஸ்டன்ஸும் ஏறுகிறது. போன் அணைவதற்குக் காரணம் இதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 சதவீதத்தில் சும்மா இருக்கும் செல் 3.65 வோல்ட் என்று கொள்வோம். ஃபிளாஷ், கேமரா, புராசஸர் எல்லாம் சேர்ந்து இரண்டு ஆம்பியர் இழுக்கின்றன. புது செல்லின் உள் ரெசிஸ்டன்ஸ் 0.08 ஓம் என்றால் வோல்டேஜ் 0.16 மட்டும் இறங்கும், 3.5 பக்கம் நிற்கும். பழைய செல்லில் அது 0.25 ஓம் ஆகியிருந்தால் அரை வோல்ட் விழும், 3.15தான் மிச்சம். 3.3க்குக் கீழே போனால் அணைந்துவிடும்படி அமைத்த போன், அந்த நொடியே அணைகிறது. இழுப்பு நின்றதும் வோல்டேஜ் மறுபடி ஏறிவிடும். எண்ணிக்கைப்படி சார்ஜ் இருப்பதால் 17 என்று காட்டுகிறது. அந்த எண் பொய்யில்லை.

2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்ட விஷயமும் இதே. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் குறைத்துக்கொண்டிருந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நியாயமான வழிதான்: இழுப்பைக் குறைத்தால் வோல்டேஜ் விழாது. சொல்லாமல் செய்தது தவறு. அதன் பிறகுதான் பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கம் ஐபோனில் வந்தது.

கரன்ட்டை எண்ணும் அந்தக் கணக்குப் பிள்ளையைத் தவிரக் காவலாளி ஒருவரும் உண்டு. பழைய கழற்றும் பேட்டரியின் தலையில் மஞ்சள் டேப்பைப் பிரித்தால் விரல் நகத்தைவிடச் சிறிய பச்சை போர்டு தெரியும். வோல்டேஜ் 4.3 பக்கம் போனாலோ 2.5 பக்கம் இறங்கினாலோ அதிலுள்ள சிப், தன்னை அடுத்திருக்கும் மாஸ்ஃபெட் என்ற சுவிட்சை அணைத்துப் பாதையை அறுத்துவிடும். மேலே போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கீழே போவதும் ஆபத்துதான்: கிராஃபைட்டைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும், திரும்ப சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

இந்தக் காவல் எல்லாவற்றையும் காக்காது. 2016இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பற்றியபோது தவறு செல்லின் உள்கட்டுமானத்தில் இருந்தது. இரண்டு நிறுவனங்கள் செய்த செல்கள். ஒன்றில் மேல் மூலையில் எலக்ட்ரோடு மடங்கியிருந்தது, மற்றதில் வெல்டிங் பிசிறு, எலக்ட்ரோடுகள் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கும் தாளைக் குத்தியது. மயிரிழையைவிட மெல்லிய தாள் அது. உள்ளே ஷார்ட் ஆனபின் வெளியே பாதையை அறுத்து என்ன பயன்?

பேட்டரி மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ், மைனஸ் தவிர மூன்றாவதாக ஒரு தொடுமுனை பல பேட்டரிகளில் இருக்கும். பெரும்பாலும் அது சூடு அறியும் தெர்மிஸ்டருடையது. 25 டிகிரியில் பத்தாயிரம் ஓம் என்பது பரவலான அளவு, சூடு ஏற ஏற அது குறையும். போன் அதைப் பார்த்துத்தான் சூடு மிஞ்சும்போது சார்ஜை நிறுத்துகிறது. சில மலிவுப் பேட்டரிகளில் அந்த இடத்தில் மாறாத பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டரை வைத்துவிடுகிறார்கள். பேட்டரி கொதித்தாலும் போனுக்கு 25 டிகிரி என்றே தெரியும். கடையில் மல்டிமீட்டர் இருந்தால், பிளஸ்ஸில் படாமல், மைனஸுக்கும் அந்த முனைக்கும் நடுவே ஓம் அளக்கச் சொல்லுங்கள். பேட்டரியை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் இறங்கவே இல்லையென்றால் வேறு பேட்டரி கேளுங்கள்.