கோளாறு கண்ணில் இல்லை!

நம் சங்க இதழுக்கு மெய்ப்புத் திருத்தும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சம்பளம் இல்லாத உத்தியோகம்தான். ஆனால் தில்லியிலேயே வேர் பிடித்துவிட்ட என் போன்றவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் தமிழோடு உட்கார இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அந்த உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிடலாமா என்று நினைக்கும்படி அண்மையில் ஒன்று நடந்தது. சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர் ஒருவர் காலமானார். அவருக்கு அரைப் பக்கத்தில் நினைவஞ்சலி வெளியிட்டோம். ‘அன்னார் ஆற்றிய தமிழ்ப் பணி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தமிழ்ப் பனி’ என்று அச்சாகிவிட்டது. மூன்று சுழி ‘ண’வில் ஒரு சுழி போய்விட்டது! இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். கண்ணில் படவேயில்லை. அவருடைய துணைவியார் தொலைபேசியில் பேசினார். கோபித்துக்கொள்ளவில்லை. “அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார், விடுங்கள்” என்றார். கோபித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாளே கண் மருத்துவரிடம் போனேன். கண் நன்றாகவே இருக்கிறது, கண்ணாடியைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியானால் அந்தச் சுழி எங்கே போயிற்று?

விடை என் மேஜை மேலேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி. “தாத்தா, பெரிய ஸ்க்ரீன்லே எழுத்தெல்லாம் ஏன் இப்படி மங்கலா இருக்கு? இதையா தினமும் படிக்கிறீங்க?” என்றாள்.

இரட்டைப் பிரதி

என்னிடம் இருப்பது ஒரு மடிக்கணினி. எழுத்து சிறியதாக இருக்கிறதே என்று மகன் 24 அங்குலத் திரை ஒன்றை வாங்கிக் கொடுத்தான். கேபிளைச் செருகியதும் சின்னத் திரையில் இருந்ததெல்லாம் பெரிய திரையிலும் தெரிந்தது. எழுத்தும் பெரிதாயிற்று. வந்த காரியம் முடிந்தது என்று நானும் வேலையைத் தொடங்கிவிட்டேன். தவறு அங்கேதான்.

இதைச் சற்று விளக்க வேண்டும். இன்றைய தட்டைத் திரை என்பது புள்ளிகளால் ஆன கட்டம். என் மடிக்கணினித் திரையில் அகலத்தில் 1366, உயரத்தில் 768 புள்ளிகள்; மொத்தம் சுமார் 10 லட்சத்து 49 ஆயிரம். பெரிய திரையில் 1920க்கு 1080. அதாவது சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம். இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டு என்று சொன்னால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுக்குக் கணினி இறங்கி வரவேண்டும். என் கணினி சின்னத் திரையின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆகவே ஒரு புள்ளிக்கு உரியதைப் பெரிய திரை அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய 1.4 புள்ளிகளில் பரப்பிக் காட்ட வேண்டியதாயிற்று. புள்ளியை வெட்டிப் பாதியாக்க முடியாதே! பக்கத்துப் புள்ளிகளில் சாயத்தைக் கலந்துதான் ஒப்பேற்ற முடியும். விளைவு, மங்கல்.

இந்த மங்கலில் ஆங்கில எழுத்து எப்படியோ தப்பித்துவிடுகிறது. நம் எழுத்தின் பாடு திண்டாட்டம். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். துணைக்காலும் ரகரமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளியோ கடுகளவு. முதலில் காணாமல் போவது இவைதான்.

பழைய பழக்கம்

அலுவலகத்தில் 1990களில் கண்ணாடிக் குழாய்த் திரையில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். எழுத்து சிறியதாக இருந்தால் 800க்கு 600 என்று இருப்பதை 640க்கு 480 என்று குறைத்துவிடுவோம். எழுத்து பெரிதாகும், பெரிதாக மங்கவும் செய்யாது. அந்தக் குழாய்த் திரை எந்த அளவுக்கும் ஓரளவு வளைந்து கொடுக்கும். தட்டைத் திரைக்கு அந்தக் குணம் கிடையாது. அதன் கட்டம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. அதற்கென்று உள்ள அளவில் மட்டுமே அது தெளிவாகக் காட்டும். பழைய பழக்கத்தில் இன்றும் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, கண் கெட்டுவிட்டது என்று வருந்தும் அன்பர்கள் நம்மிடையே பலர் இருக்கக்கூடும்.

செய்த மாற்றங்கள்

பேத்தி முதலில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையோடு ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தினாள். நான்கு வழிகள் தோன்றின: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, இரண்டையும் சேர்த்து ஒரே நீளத் திரை, இரண்டாம் திரை மட்டும். ‘டூப்ளிகேட்’ என்று இருந்ததை ‘எக்ஸ்டெண்ட்’ என்று மாற்றினாள். இனி ஒவ்வொரு திரையும் தன் தன் அளவில் இயங்கலாம்.

அடுத்து, திரையின் வெற்றிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ பக்கத்தைத் திறந்தாள். இரண்டு திரைகளும் 1, 2 என எண்ணிட்ட கட்டங்களாகத் தெரிந்தன. ‘ஐடென்டிஃபை’ என்பதை அழுத்தினால் அந்தந்தத் திரையில் அதன் எண் பெரிதாகத் தோன்றும். எதை மாற்ற வேண்டுமோ அந்தக் கட்டத்தை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘டிஸ்ப்ளே ரெசல்யூஷன்’ என்ற இடத்தில் ‘ரெகமெண்டட்’ என்று குறித்துள்ள அளவையே வைக்க வேண்டும். பெரிய திரைக்கு 1920க்கு 1080 என்று வைத்ததும் எழுத்து கத்தி முனை போல் ஆயிற்று. ஆனால் சிறுத்தும் போயிற்று.

“இதற்குத்தானே அம்மா பயந்தேன்!” என்றேன். “சைஸை மாத்த இது இடமில்லை தாத்தா. ‘ஸ்கேல்’னு மேலே இருக்கு பாருங்க” என்றாள். 100 சதவிகிதம் என்றிருந்ததை 125 ஆக்கினாள். எழுத்து பெரிதாயிற்று, தெளிவு குறையவில்லை. காரணம் எளிது. அளவைக் குறைத்தால் கணினி வரைந்த சிறு படத்தைத் திரை இழுத்துப் பெரிதாக்குகிறது. ஸ்கேலை உயர்த்தினால் கணினியே எழுத்தைப் பெரிதாகப் புதிதாய் வரைகிறது. இதை ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே திறந்திருந்த சில பழைய நிரல்கள் மட்டும் மங்கலாகவே நின்றன. கணக்கிலிருந்து ஒரு முறை வெளியேறித் திரும்ப நுழைந்ததும் அவையும் சரியாயின.

இன்னொரு தொல்லை முளைத்தது. மவுஸை இடப்பக்கம் தள்ளினால் சுட்டி சுவரில் முட்டிய மாதிரி நின்றது. பெரிய திரை என் மேஜையில் மடிக்கணினிக்கு இடப்பக்கம் இருக்கிறது. கணினியோ அது வலப்பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. பாவம், அதற்கு என் மேஜையைப் பார்க்கக் கண்ணா இருக்கிறது? எண்ணிட்ட கட்டத்தை இழுத்து இடப்பக்கம் ஒட்டவைத்து ‘அப்ளை’ கொடுத்தாள். கட்டங்களின் விளிம்புகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டுமே சுட்டி இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்குப் போகும். உயரம் வேறுபட்டால் மீதி இடத்தில் முட்டத்தான் செய்யும். கடைசியாகப் பெரிய திரையைத் தேர்ந்தெடுத்து, ‘மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே’ என்பதைக் குறித்து, அதையே முதன்மைத் திரையாக்கினாள்.

சில எச்சரிக்கைகள்

பெரிய திரையின் சுவிட்சை மட்டும் அணைத்தால், கேபிள் செருகியிருக்கும் வரை, அது இருப்பதாகவே கணினி நினைப்பதுண்டு. அப்போது திறந்த பக்கம் அணைந்த திரைக்குப் போய் ஒளிந்துகொள்ளும். விண்டோஸ் விசையோடு ‘ஷிஃப்ட்’ விசையையும் அம்புக்குறி விசையையும் சேர்த்து அழுத்தினால் அது பக்கத்துத் திரைக்கு வந்துவிடும்.

‘டூப்ளிகேட்’ என்பதே கூடாது என்று நினைக்க வேண்டாம். சங்க விழாவில் புரொஜெக்டரை இணைக்கும்போது, மேடையில் இருப்பவர் பார்ப்பதையே சபையும் பார்க்க அதுதான் வசதி. சொந்தக் கடிதங்களை மட்டும் முன்னதாக மூடிவிடுங்கள்!

இரு பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப் பகுதி வழியே பார்ப்பதற்காகத் தலையை அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலி வந்து சேரும்.

நிற்க. மாற்றங்கள் முடிந்ததும், அந்த நினைவஞ்சலிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு கை தூரத்திலிருந்தே ‘பனி’ பளிச்சென்று தெரிந்தது. மனம் கனத்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டு, அந்தப் பிரதியை அம்மையாரிடம் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுக் காபி கொடுத்தார்.

ஆகவே அன்பர்களே, வயதாகிவிட்டது, இனி நம்மால் முடியாது என்று எந்தப் பணியையும் விடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். அதோடு திரையின் அமைப்பையும் ஒரு முறை பாருங்கள். அதற்குப் பைசா செலவில்லை. மாற்றிய அளவு பிடிக்காவிட்டால் பயமும் வேண்டாம். சில விநாடிகள் சும்மா இருந்தால் பழைய அளவு தானே திரும்பிவிடும்.

என் உத்தியோகம் தொடர்கிறது. இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் இனி திரை மேல் பழி போட வழியில்லை. தவறாமல் எழுதித் தெரிவியுங்கள்.