நாரி நோ: எக்ஸ்றே சரியென்றால் வருத்தம் இல்லையா?

இங்கிலாந்துக்கு வந்த எம்மவர்கள் பலர் நாரி நோவைக் குளிர் என்றோ, ஊரில் வாங்கிய அடி என்றோ சொல்லி விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு அது முள்ளந்தண்டில் வரும் அழற்சி மூட்டுவாதமாக இருக்கலாம். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்னரே தொடங்கும். கவனிக்காமல் விட்டால் எலும்புகள் ஒட்டி முதுகு விறைத்துப்போகலாம்.

கவனிக்க வேண்டியவை:

• 3 மாதத்துக்கு மேலான நோ
• பின்னிரவில் நோவால் நித்திரை குழம்புதல்
• காலை விறைப்பு, நடமாடினால் குறையும்
• பிட்டத்தில் நோ
• சொரியாசிஸ், அல்லது குடும்பத்தில் இதே வருத்தம்

இத்துடன் கண் சிவந்து நொந்தால் அன்றைக்கே காட்டுங்கோ.

படத்தில் என்ன தெரியும்?

எக்ஸ்றேயில் மாற்றம் தெரியச் சில வருடங்கள் செல்லலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கானில் முந்தியே தெரியும். வழமையாக முள்ளந்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில், எலும்புக்குள் நீர்க்கசிவாகத் தெரியும். ஆனால் சிலருக்கு அந்த மூட்டு சரியாக இருக்க, முள்ளந்தண்டு எலும்புகளின் மூலைகளிலோ விலா எலும்பு பொருந்தும் இடத்திலோ முதலில் தெரியும். எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டில் வந்தால் கிருமித் தொற்றுப் போலவும் தோன்றும். அதற்காகக் காசநோய்ப் பரிசோதனை செய்தால் பயப்பிட வேண்டாம். பிள்ளை பெற்று சில மாதங்களுக்கும் அந்த மூட்டில் நீர்க்கசிவு தெரியலாம், அதையும் சொல்லுங்கோ. இரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் இந்த வருத்தம் இல்லையென்று முடிவு கட்ட முடியாது.

மிக முக்கியம்

உடம்பில், விசேஷமாகக் கண்ணில், ஷெல் துண்டோ குண்டுச் சிதறலோ இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முன் கட்டாயம் சொல்லுங்கோ. அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். சந்தேகம் என்றாலும் மறைக்க வேண்டாம். முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள்.

வழக்குக்குப் பாதகமா?

சித்திரவதைக்கு உள்ளானவர்கள் இதைக் கேட்கிறார்கள். ஸ்கானில் அழற்சி தெரிந்தால் உங்களை அடித்தது பொய் என்று ஆகாது. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். அடி வாங்கியதையும் நோவின் தன்மையையும் வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கோ. அறிக்கையின் பிரதியைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கோ.

என்ன செய்யலாம்?

ஜி.பி.யிடம் பதிவதும் காட்டுவதும் இலவசம். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கோ, அதற்கும் காசில்லை. எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் மருந்தும் இலவசம். எக்ஸ்றே சரியென்று சொல்லியும் நோ தொடர்ந்தால், வாதநோய் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கோ. வேளைக்குக் கண்டுபிடித்தால் மருந்தாலும் உடற்பயிற்சியாலும் நன்றாகக் கட்டுப்படுத்தலாம்.