வாழைத்தண்டுச் சாறுக்குப் பித்தப்பைக் கல் கரையுமா?

‘ஸ்கேன் எடுத்ததில் கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதமாக வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறேன். இன்னும் எத்தனை நாள் குடித்தால் கரையும்?’

வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பதில் சொல்லும் முன் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கல் இருப்பது சிறுநீரகத்திலா, பித்தப்பையிலா? ஊரில் இரண்டையும் ‘வயித்துல கல்லு’ என்றே சொல்கிறோம். ஆனால், இரண்டும் வேறு வேறு. சிறுநீரகக் கல் சிறியதாக இருந்தால் சிறுநீரோடு வெளியேற வழி இருக்கிறது. நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்வதும் அதற்காகத்தான். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது. வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், குடம் குடமாகத் தண்ணீர் என எது குடித்தாலும் பித்தப்பைக் கல் கரையாது. வாழைத்தண்டு நல்ல காய்தான். பொரியல் செய்து தாராளமாகச் சாப்பிடுங்கள், கல்லுக்கு மருந்தாக மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கல் எப்படி உண்டாகிறது?

வலது விலா எலும்புகளுக்குக் கீழே, கல்லீரலின் அடியில் சிறு கத்தரிக்காய் போல ஒட்டிக்கொண்டிருக்கும் பைதான் பித்தப்பை. கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பையின் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லிதான். அதனால் உள்ளே வரும் பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. எண்ணெய், நெய், கறி என்று கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்கு வந்ததும், பை சுருங்கிப் பித்தநீரைக் குழாய் வழியாக அனுப்புகிறது.

உப்புத் தண்ணீர் ஓடும் சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதைதான் இங்கும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறினால் அது படிகமாகித் திரளும். ரத்தச் சிவப்பணுக்கள் அதிகமாக உடையும்போதும், கல்லீரல் சுருங்கிக் கெடும்போதும் உண்டாவது கறுப்பு நிற நிறமிக் கல். வட இந்தியாவோடு ஒப்பிட்டால் தென்னிந்தியாவில் இந்த நிறமிக் கற்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. ‘நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி?’ என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். பல முறை பிரசவித்தவர்களுக்கு இன்னும் அதிகம். 40 வயதைக் கடந்தவர்கள், உடல் பருத்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், வீட்டில் வேறு யாருக்காவது கல் இருந்தவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உண்டு. எடையை மளமளவென்று குறைப்பவர்களுக்கும் வரும். நெடுநேரம் பட்டினி கிடந்தால் பை சுருங்காமல் பித்தநீர் தேங்குகிறது.

மாட்டுக்கும் இதே கல் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் விலை உயர்ந்த சரக்காக விற்கும் கோரோசனை, மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல்தான்.

‘கேஸ்’ இல்லை அது!

கல் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் வராது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும். வலியே இல்லையென்றால் பொதுவாக அறுவை சிகிச்சை தேவையில்லை. ‘கல் இருக்கிறதாமே’ என்று பயந்துபோய் அவசரப்பட வேண்டாம். மிகப் பெரிய கல், பையோடு சேர்ந்த கட்டி போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு. அதை மருத்துவர் சொல்வார்.

கல் நகர்ந்து பையின் வாயை அடைக்கும்போதுதான் வலி. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெரும்பாலும் இரவில், மேல் வயிற்றின் நடுவிலோ வலது பக்கத்திலோ பிடிக்கும். வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை நின்று, தானாகவே விட்டுவிடும். இந்த ‘தானாகவே விட்டுவிடும்’தான் ஆபத்து. சோடா குடித்தேன், ஓமத்தண்ணீர் குடித்தேன், சரியாகிவிட்டது என்று வருடக்கணக்கில் ‘கேஸ் டிரபிள்’ கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இப்படி வலி திரும்பத் திரும்ப வந்தால், வெறும் வயிற்றோடு போய் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். நெஞ்சுப் பக்கம் வலித்து வியர்த்தால் மட்டும், ஸ்கேனுக்குக் காத்திராமல் முதலில் இ.சி.ஜி.

வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, காய்ச்சலும் வந்தால் பை புண்ணாகிவிட்டது என்று அர்த்தம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி குறைவாகவே தெரிந்து, உள்ளே சீழ் பிடித்திருக்கவும் கூடும். கல் பித்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டிய டீ போலப் போகும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். நம் ஊர்களில் பெரிய தவறு நடப்பது இங்கேதான். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். குழாயை அடைத்த கல்லைக் கீழாநெல்லி நகர்த்தாது. காமாலையோடு குளிர் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் அது ரத்தத்தில் நச்சு பரவும் நிலை. ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அதே கல் கணையத்தையும் வீங்க வைக்கும். இரண்டுமே உயிரைப் பறிக்கக் கூடியவை.

மாத்திரையா, கத்தியா?

சிறிய கொலஸ்ட்ரால் கற்களைக் கரைக்க மாத்திரை இருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பவும் கல் வரும். நிறமிக் கல்லுக்கு அது உதவாது. ஆப்பிள் சாறும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் விழுகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றுகிறது. விழுவது கல் அல்ல. குடித்த எண்ணெய் குடலில் மாறி உண்டான சோப்புக் கட்டி.

வலி கொடுக்கும் கல்லுக்கு உறுதியான சிகிச்சை, பையோடு எடுத்துவிடுவதுதான். கல்லை மட்டும் எடுத்தால் அதே பையில் மறுபடியும் விளையும். 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாக இப்படிப் பையை அகற்றினார். 1985-ல் ஜெர்மனியின் எரிக் மூஹே வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளை வழியாகவே எடுத்துக் காட்டினார். இன்று பொதுவாக நான்கு சிறு துளைகள் போடுகிறார்கள். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். குழாயில் கல் இருந்தால் வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு அதை எடுப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போய் விசாரியுங்கள்.

‘பையை எடுத்துவிட்டால் செரிக்குமா?’ இது அடுத்த கேள்வி. குதிரைக்கும் புறாவுக்கும் பித்தப்பையே கிடையாது. பை போனாலும் கல்லீரல் பித்தநீர் சுரந்துகொண்டேதான் இருக்கும்; நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச காலம் மலம் இளகிப் போகும். எண்ணெய்ப் பலகாரத்தை அந்த நாள்களில் குறைத்துக்கொண்டால் போதும்.

நடக்கவும் சின்ன வேலைகள் பார்க்கவும் ஒரு வாரத்தில் ஆரம்பித்துவிடலாம். மண்வெட்டி, நெல் மூட்டை, முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பான் இவற்றையெல்லாம் ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள். அதனால், கல் வலி தொல்லை கொடுத்தாலும் அவசர நிலை இல்லையென்றால், மருத்துவரிடம் கேட்டு அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் தேதி வாங்கிக்கொள்வது நல்லது.